ஒற்றைக் கைக்கு ஒரு கிராங்க்பெயிட்: ஆனேக்கல் பக்கத்து ஏரியில் ஒரு சனிக்கிழமை

போன நவம்பரில், பெருமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருந்த ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவர் அந்தோணியும் ஆனேக்கல் தாண்டி ஓர் ஏரிக்கு மீன்பிடிக்கப் போனோம். ஏரியின் பெயரை எழுதவில்லை. கூட்டம் வந்தால் தாங்காது என்று அதன் குத்தகைக்காரர் கேட்டுக்கொண்டார். எங்களைப் போலவே ஒரு கையோ காலோ சரியாக இயங்காத ஒருவரை அழைத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. எங்களுக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தோணி இருபது வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற ஆள். அதற்காக நான் போட்ட சண்டைகளை லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே கேட்டிருக்கிறது. அந்த வருட மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பியது, பேச்சு மெதுவாக வந்தது, வலது கை மட்டும் வரவே இல்லை. ராடுகள் பரண் மேல் போயின. வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கப் பார்க்க, அந்தச் சண்டை ஞாயிறுகளே எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது.

நான் விவேக் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். ஆள் வராத மதிய நேரங்களில் மீன்பிடி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் கிராங்க்பெயிட் பற்றித் தெரிந்தது. குட்டி மீன் போலச் செய்த, வயிறு பருத்த பிளாஸ்டிக் இரை. தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்தால் அந்தத் தகடு இரையைத் தண்ணீருக்குள் இறக்கும், உடம்பு இரண்டு பக்கமும் ஆடும். நிறுத்தினால் மெல்ல மேலே மிதந்து வரும். மற்ற பல செயற்கை இரைகளுக்கு ராடை உதறிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நரம்பு சுற்றியிருக்கும் ரீலைச் சுற்றினாலே போதும். ரீலைச் சுற்றுவது இடது கை. அந்தோணியின் இடது கை நன்றாகவே இருந்தது.

ஆகவே நான் வீசுவது, அவர் சுற்றுவது என்று திட்டம் போட்டேன். கொக்கிகளைக் கழற்றிவிட்டு மூன்று வாரம் மொட்டைமாடியில் வீசிப் பழகினேன். இரண்டு முறை பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் இரை சுற்றிக்கொண்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் பைப் துண்டு ஒன்றை இறுக்கி, ராடு நிற்க வசதி செய்தேன். விஷயத்தைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் நாற்காலியையே பார்த்தார். பிறகு போகலாம் என்றார்.

முன்பெல்லாம் அவர் பைக்கில் போவார். இப்போது ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்தோம், டோல் உட்பட 2,900 ரூபாய். ஓட்டுநர் மஞ்சு கன்னடக்காரர், தமிழும் பேசுவார். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் எதிர்ப்பக்கம் கம்பெனி கேப்கள் வரிசையாக வந்தன, உள்ளே இரவு வேலை முடித்த பிள்ளைகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூறல் விடவில்லை. ஆனேக்கல்லில் இட்லி சாப்பிட நிறுத்தினோம். அந்தோணி இறங்கவில்லை. இடது கையால் சாப்பிடுவதைப் பிறர் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. தட்டைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மஞ்சு எதுவும் கேட்காமல் காரை ஒரு லாரியின் மறைவில் நிறுத்தினார்.

வீட்டிலிருந்து 52 கிலோமீட்டர். ஏழு மணிக்குள் சேர்ந்துவிட்டோம். ஒரு ஆளுக்கு 400 ரூபாய் கட்டணம், பிடிப்பதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். குத்தகைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, சார் சும்மாதானே உட்காரப் போகிறார், ஒரு ஆளுக்குக் கொடுத்தால் போதும் என்று கன்னடத்தில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எரடு கொடி," என்றார் அந்தோணி. இரண்டு சீட்டு வாங்கினோம்.

கரையில் கற்கள் அடுக்கிய சரிவுக்கு மேல் நாற்காலியைப் போட்டோம். வீடியோக்களில் படித்த பாடத்தை நான் அப்படியே செய்தேன். தண்ணீர் ஆழத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்கக்கூடிய இரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகடு நீளமாக இருந்தால் ஆழம், குட்டையாக இருந்தால் மேல்மட்டம். இரை அடியில் கிடக்கும் கல்லில் முட்ட வேண்டும், முட்டியதும் ஒரு கணம் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் மீன் கடிக்கும். ஆகவே நடு ஏரியைப் பார்த்து வீசாமல், கரையை ஒட்டி, கற்களுக்கு இணையாக வீசினேன். வீசியதும் ராடைப் பைப்பில் செருகுவேன். அவர் சுற்றுவார். நிறுத்துங்கள் என்பேன், நிறுத்துவார். மறுபடி சுற்றுங்கள் என்பேன், சுற்றுவார்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். அவ்வப்போது எங்களுக்கு இடப்பக்கம், ஓடை வந்து சேரும் இடத்தில் பாதி மூழ்கி நின்ற ஜாலி மரங்களை, நம் ஊர்க் கருவேல மரங்களைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன், வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரை மணிவாக்கில் கடித்தது. ராடு வளைந்து நாற்காலியே ஒரு பக்கம் இழுத்தது, மஞ்சு ஓடிவந்து பிடித்துக்கொண்டார். உதறாதே, சுற்றிக்கொண்டே இரு, மூன்று முனைக் கொக்கி தானாகவே ஏறிவிடும் என்று படித்திருந்தேன், அதையே கத்தினேன். அவர் சுற்றினார். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத விரால். குத்தகைக்காரர்கூட வந்து பார்த்தார். மஞ்சு போனில் படம் எடுத்தார். எட்டு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. திரும்பி அந்தோணியைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்க்கவே இல்லை.

குறட்டால் கொக்கியை எடுத்து மீனை விட்டேன். மஞ்சு டீ வாங்கிவர ஊருக்குள் போனதும், என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நீ புடிச்ச மீனு. நல்ல மீனு," என்றார்.

"நீங்கதானே சுத்துனீங்க?"

"மோட்டார் மாட்டியிருந்தா அதுவும் சுத்தும் செலின்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் பழகியதையும், லீவு போட்டதையும், எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, வார்த்தை வார்த்தையாக, "வந்ததுலேர்ந்து எங்க போடலாம்னு ஒருவாட்டி கேட்டியா நீ?" என்றார்.

கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்க இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாக அவர் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்த ஆள், நான் வீடியோ பார்த்து மூன்று வாரம் பழகியவள். கொஞ்ச நேரம் கரையோரமாக நடந்துவிட்டு வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அவர் அந்த ஜாலி மரங்களைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான மீன்பிடிப்பு என்று நினைக்கிறேன். நாற்காலியை ஓடைப் பக்கம் மாற்றினோம். ஆழம் போகும் இரை மரத்தில் சிக்கும், குட்டைத் தகடு போடு என்றார். காற்று நிற்கும்வரை வீசாதே என்றார். என் முதல் வீச்சு பாதி தூரம்கூடப் போகவில்லை, அதற்கு அவர் முகம் சுளித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. கிளையில் இரை தட்டுவது அவருக்கு ரீல் கைப்பிடி வழியாகத் தெரிந்தது. தட்டியதும் அவராகவே நிறுத்துவார். இழுத்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும், விட்டால் இரை தானே மிதந்து கிளையைத் தாண்டி மேலே வரும், அப்புறம் சுற்றினால் போதும். அவசரப்பட்டுப் பிடுங்கியதால்தான் மொட்டைமாடியில் துணிக்கொடியிலிருந்துகூட இரையை என்னால் விடுவிக்க முடியவில்லை என்று அப்போது புரிந்தது.

பத்து மணிக்கு மேல் ஒன்று கடித்தது. முதல் மீனைவிடப் பெரியது. நான் பார்த்தது ஒரு பழுப்பு முதுகு மட்டும். அது நேராக மரத்துக்குள் போனது. ராடைச் சட்டென்று இடப்பக்கம் சாய்த்து மீனைத் திருப்ப வேண்டிய நேரம். அவர் வலது தோள் எழும்பியது. கை எழும்பவில்லை. ராடு பைப்புக்குள் நேராகவே நின்றது. எனக்கு விஷயம் புரிவதற்குள் நரம்பு அறுந்துவிட்டது.

அவர் தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு இரை கட்டட்டுமா என்று கேட்டேன். போதும் என்று தலையை ஆட்டினார்.

கரை ஏறும்போது ஈர மண்ணில் அவர் வலது கால் வழுக்கியது. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார். மஞ்சுவும் குத்தகைக்காரரும் இரண்டு பக்கமும் தூக்கினார்கள். அடி ஒன்றும் இல்லை. சட்டை முழுக்கச் சேறு. மாற்றுத் துணி கொண்டுவர எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மஞ்சு காரிலிருந்து தன்னுடைய துண்டை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறினோம். அப்போது அந்தோணி, "இனிமே வேணாம்," என்றார். விழுந்ததாலா என்று கேட்டேன். இல்லை என்றார். வலது கையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கை திரும்பாதுன்னு டாக்டர் சொன்னப்ப நான் நம்பல. இன்னிக்கு நம்பிட்டேன்."

மஞ்சு பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி போக நினைப்பவர்களுக்கு. நவம்பர், டிசம்பரில் காலை ஆறரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். குத்தகை ஏரியென்றால் முதல் நாளே போனில் அனுமதி கேட்டுவிடுங்கள். குட்டைத் தகடு ஒன்றும் நீளத் தகடு ஒன்றும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும், ஒவ்வொன்றும் 350 ரூபாய் அளவில் கிடைக்கும். மூன்று முனைக் கொக்கி விரலில் ஏறினால் ஆபத்து, குறடு கட்டாயம். நாற்காலிப் பைப்பை நேராக இறுக்காதீர்கள், இரண்டு பக்கமும் சாயும்படி ஒரு கீல் வைத்துச் செய்யுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்த மீன் ஒருவேளை வந்திருக்கும். மாற்றுத் துணி, சரிவில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, கூடுதலாக ஓர் ஆள். எங்கே வீச வேண்டும் என்பதை உட்கார்ந்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் பேங்கிலிருந்து கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதம் வந்தது. அதுவரை இப்படி எது வந்தாலும், கை சரியாகட்டும், அப்புறம் போடுகிறேன் என்று ஒதுக்கி வைத்துவிடுவார். அன்றைக்கு என்னிடம் ஒரு பழைய நோட்டைக் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இடது கையால் தன் பெயரை எழுதினார். முதல் எழுத்தே கோணலாக வந்தது. அடித்துவிட்டு அதற்குக் கீழே மறுபடி எழுதினார். நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.