சக்கிலேயே இருந்த சாவி

புதூர்ப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து இரும்பு கடையும் டர்னர் வேலை படிக்கக் கோவில்பட்டிக்கு வந்தவன் சுடலைக்குமார். அவன் அம்மா பத்திரகாளி ஆடு மேய்க்கிறவள். மகன் ஒரு கம்பெனியில் ஏறிவிட்டால் வெயிலுக்கும் ஆட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் சேர்ந்த தனியார் ஐ.டி.ஐ.யில் லேத்து மெஷின் இருந்தது. அதை ஓட்டுவதற்கு மும்முனை மின்சாரம்தான் இல்லை. பிள்ளைகள் மெஷினைச் சுற்றி நின்று படம் வரைந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் பாகத்துக்குச் சக்கு என்று பேர்; அதை இறுக்க ஒரு சாவி உண்டு. கழற்றி வைத்தால் தொலைந்துபோகும் என்று அதைச் சக்கிலேயே செருகி வைத்திருந்தார்கள். பூச்சரம் தொங்கவிடவும் அது வாகாக இருந்தது. பார்வையிட வந்த அதிகாரிகளும் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். படிப்பாம் படிப்பு!

ஓசூரில் ஒரு கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னான். மேற்பார்வையாளர் மகிழ்ந்துபோய் அவனை லேத்து முன்னால் நிறுத்தி, ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்தார். அவன் அதை மாட்டி இறுக்கினான். பார்த்துப் பழகியபடி சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். சக்கு சுழன்ற வேகத்தில் சாவி பறந்து, மேற்பார்வையாளரின் காதோரம் போய் ஜன்னலை உடைத்தது.

"யாருப்பா உனக்கு சர்டிபிகேட் கொடுத்தது?" என்றார் அவர். அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"என்னலே சொன்னாவ?" என்று வீட்டில் பத்திரகாளி கேட்டாள்.

"சொல்லி அனுப்புவாவளாம்மா."

அவள் கொஞ்ச நாள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போனாள்.

ஐ.டி.ஐ. முதலாளி பூவனநாதன் போனில் கூப்பிட்டார். "டர்னர் வாத்தியார் நின்னுட்டாருடே. நீ நம்ம பிள்ளைதான, வந்து சொல்லிக்கொடு." வேறு போக்கிடம் இல்லை, போனான். புதுப் பிள்ளைகள் முன்னால் முதல் வேலையாகச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இறுக்கின உடனே சாவியை எடுத்திரணும். இல்லன்னா ஆளைக் கொன்னுரும்."

வாசலில் நின்ற பூவனநாதன் சிரித்தார். "அதை இருந்த இடத்துல வையிடே. ஓடாத மெஷின் யாரைக் கொல்லப் போவுது? வெள்ளிக்கிழமை பூவை எங்கன தொங்கவிட?"

"சரி அண்ணாச்சி."

சாவியைத் திரும்பச் செருகினான். பிள்ளைகள் நோட்டை விரித்தார்கள். அவன் கரும்பலகையில் சக்கின் படத்தை வரைந்தான். சாவியோடு சேர்த்தே வரைந்தான்.