முடிவு நேரம் 6:18

அறுபத்தொரு மணி முப்பத்தெட்டு நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை 5:52 முதல் திங்கட்கிழமை காலை 7:30 வரை. எத்தனை முறை கூட்டினாலும் அதே விடைதான் வருகிறது.

நான் வேதியியல் படித்தவள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நைசாக எழுந்து போய்விடுவேன். எதிர்த்துப் பேசத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படி எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். நேரங்களை எல்லாம் அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் அது. எங்கள் குழுவில் ஏழு பேர். வேலையைத் தொடங்கும்போது பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ‘ஸ்டார்ட்’ என்று தட்ட வேண்டும். முடித்ததும் ‘ஸ்டாப்’. ஒவ்வொரு வேலையும் ஒரே கோப்பில் ஒரு வரியாகச் சேரும். பெயர், வேலை, தொடக்கம், முடிவு. அந்த வரிகளைப் படித்து, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கூட்டிச் சொல்ல இருபது வரியில் ஸ்கிரிப்ட் என்ற ஒரு குட்டி நிரல் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கட்டளை, ஒரு என்டர். அறிக்கை மேலாளருக்குப் போய்விடும். ஏதாவது ஒரு வரியில் முடிவு நேரம் இல்லாவிட்டால் மட்டும் ஸ்கிரிப்ட் அங்கேயே முரண்டு பிடித்து நின்றுவிடும்.

அடிக்கடி ‘ஸ்டாப்’ தட்ட மறப்பவர் ஓர் அக்கா. வேலையில் சுத்தம், ஆனால் நிதானம். மேலாளர் அவருக்கு வைத்த பெயர் நத்தை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். நத்தை கிளம்பியாச்சா, இல்லை இன்னும் கொம்பை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பார். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார்.

வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வர வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் குறைந்தால் வேலை போய்விடும். அக்காவுக்கு இரண்டு வாரம் குறைந்திருந்தது. கணவர் முதுகில் அறுவை சிகிச்சை ஆகி வீட்டோடு இருந்தார். அக்காவின் வேலையை நம்பித்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை 5:40-க்கு என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"என் கணக்கு எவ்ளோ வந்திருக்கு, பாத்துச் சொல்லேன்."

39:10.

"அம்பது நிமிஷம் குறையுதுக்கா."

"அவ்ளோதானே? ஃப்ரீசர்ல மாதிரிப் புட்டி எல்லாம் தாறுமாறா கெடக்கு. அடுக்கி வெச்சா சரியாப் போயிடும்."

ஃப்ரீசர் அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. மைனஸ் இருபது டிகிரி. உள்பக்கக் கைப்பிடி கழன்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. சரிசெய்ய ஆள் வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவரை கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு மர ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

5:52-க்கு அக்காவின் வரி கோப்பில் விழுந்தது. 6:19-க்கு நான் அறிக்கையை அனுப்பிவிட்டு 6:30 பஸ்ஸுக்கு ஓடினேன். அறிக்கையில் அக்காவின் முடிவு நேரம் 6:18. மொத்தம் 39:36.

நாற்பதுக்கு இன்னும் இருபத்து நாலு நிமிடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலாளர் போன் செய்தார். நத்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போகவில்லையாம். கணவர் அன்றிரவு 9:05-க்கே கூப்பிட்டாராம். இவர் அறிக்கையைப் பார்த்து, 6:18-க்கே கிளம்பியாயிற்று என்று சொல்லிவிட்டாராம். இப்போது போலீஸ் அதைக் காகிதத்தில் கேட்கிறதாம். நான் போய் ஒரு பிரிண்ட் எடுத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும்.

"நத்தைக்கு இவ்ளோ வேகம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. சரி சார் என்று வைத்துவிட்டேன்.

2:25-க்கு உள்ளே போனேன். நல்ல வெயில். ஜன்னல் வழியாக என் மேஜை முழுக்க வெளிச்சம். காவலாளி கதவைத் திறந்துவிட்டு வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

2:31. ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன்.

அக்காவின் பெயருக்கு நேராக 83:49.

எங்கோ தப்பு என்று நினைத்தேன். மறுபடியும் ஓட்டினேன். அப்போது 2:33.

83:51.

கோப்பைத் திறந்து பார்த்தேன். அக்காவின் கடைசி வரி. தொடக்கம் 5:52. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 6:18 இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

முடிவு நேரம் இல்லாத வரியைக் கண்டால் என் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. இந்த நிமிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டே போகிறது. அப்படிக் கூட்ட நான் எழுதவே இல்லை.

6:18 என்று தட்டினேன். சேமித்தேன். கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 2:40-க்கு ஓட்டினேன்.

83:58.

விரல் நுனி வலித்தது. சாவிகள் ஐஸாக இருந்தன. அதே மேஜையில், வெயில் பட்ட காபிக் கோப்பை சூடாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்.

பின்பக்கத்திலிருந்து.

ரேடியோ என்று நினைத்தேன். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டக்... டக்... டக்.

நடைபாதையில் மெதுவாக நடந்தேன். ஃப்ரீசர் அறைக்கு வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. கதவு மூடியிருந்தது. மர ஸ்டூல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

"அக்கா?"

சத்தம் நின்றது.

கதவுக்கும் எனக்கும் இரண்டடி. கையை நீட்டினால் போதும்.

நீட்டவில்லை.

2:47.

உள்பக்கம் ஏதோ உராய்ந்தது. மேலிருந்து கீழே... மெதுவாக...

என் அறையில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

நான் பிரிண்ட் கொடுக்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு தாள். அக்கா, 39:36. முடிவு நேரம் 6:18.

எனக்கு என்ன வேண்டுமோ, அது.

தாள் ஈரமாக இருந்தது. காவலாளி கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை 7:30-க்குத் துப்புரவுக்காரர் ஃப்ரீசர் கதவைத் திறந்தார். அக்கா கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். மாதிரிப் புட்டிகள் அத்தனையும் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல் உயிர் இருந்திருக்காது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை தட்டியது யார்? இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நான் கதவைத் திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் தூக்கம்கூட வந்தது. பிறகு ஒரு நாள் அந்த 9:05 நினைவுக்கு வந்தது. கணவர் போன் செய்த நேரம்.

அப்போது அக்கா உயிரோடு இருந்தார்.

பதினோராம் நாள் அக்காவின் பையையும் ஸ்வெட்டரையும் வாங்கிப் போகக் கணவர் வந்தார். இடுப்பில் பட்டை, கையில் கோல். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று மேலாளர் அவரை ஒருவாறு பேசி அனுப்பிவிட்டார். அவர் நேரே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க வீடுன்னு ரெண்டு நாள் தேடினேன்மா. இங்க மட்டும் தேடல. 6:18-க்கு ஸ்டாப் தட்டிட்டுக் கிளம்பிட்டதாச் சொன்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கதவுக்கு உள்ள இருந்தவ வெளிய வந்து எப்படிம்மா தட்டியிருப்பா?"

என் திரையில் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்திருந்தது. அக்காவின் பெயரை நான் ஏற்கெனவே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தேன். ஆனாலும் கடைசி வரியில் அது இருந்தது. நேராக இருந்த எண்ணை நான் பார்க்கவில்லை.

"வரி தொறந்தே இருந்துச்சுண்ணா. வழக்கம்போல மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு..."

அவர் காத்திருந்தார்.

"அக்கா தட்டல. நான்தான் தட்டினேன்."