விரிசல் விடாத கைப்பிடி

நீலாவதிக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பதானாலும், பீங்கான் கம்பெனி முதலாளி தேவநாதனிடம் லீவு கேட்பதானாலும், அம்புஜவல்லியும் சாவித்திரியும் அவளைத்தான் முன்னே தள்ளிவிடுவார்கள். மூவரும் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரே தெரு. விருத்தாசலத்துக்கு ஒரே பஸ்ஸில் போய், ஒரே மேஜையில் டீக்கப் செய்கிறவர்கள்.

அந்த மழைக்காலத்தில் சூளையிலிருந்து வந்த கப்பெல்லாம் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டது. ஆர்டர் கைநழுவப் போகிறதென்று தேவநாதன் இடிந்துபோனார். கப்பும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் ஒட்ட வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் அந்த மூவருக்கே சொல்லத் தெரியாது. அம்புஜவல்லி பதம் பார்த்துக் கப்பை அச்சிலிருந்து எடுப்பாள்; அதற்குள் நீலாவதியின் கையில் கைப்பிடி தயாராக இருக்கும்; அவள் ஒட்டி முடிக்கும்போது சாவித்திரி மூடுவதற்கு ஈரச்சாக்கோடு நிற்பாள். பேச்சே கிடையாது. விரிசல் நின்றுபோனது.

வியாபாரிகளுக்கு அனுப்ப தேவநாதன் செல்போனில் வீடியோ எடுத்தார். வழக்கம்போல நீலாவதி முன்னே தள்ளப்பட்டாள். யாருடைய யோசனை இது என்று கேட்டார்.

"நான்தாங்க. யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபுடிச்சேன்," என்றாள். என்ன கேடுகாலமோ, சொல்லும்போது இனித்தது. பின்னால் நின்ற இருவரும் சிரித்தபடியே நின்றார்கள்.

தேவநாதன் அவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார். வித்தை தெரிந்தவள் ஒருத்தி இருக்கப் பழைய ஆட்கள் எதற்கு என்று மற்ற இருவரையும் நிறுத்திவிட்டு, குறைந்த கூலிக்குப் புதுப் பெண்களைச் சேர்த்தார். அப்போதாவது அந்த நீள வாயைத் திறந்திருக்கலாம், பாவி. கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்துவிட்டாள். அந்த இருவர் வீட்டு வாசலையும் தாண்ட முடியாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

விரிசல் திரும்பி வந்தது. புதுப் பெண்கள் சொன்னதைச் சொன்னபடிதான் செய்தார்கள். கப்பை எப்போது எடுப்பது என்று கேட்டால் நீலாவதிக்குப் பதில் தெரியவில்லை. அது அம்புஜவல்லியின் விரலுக்குத் தெரிந்த விஷயம்.

கடைசியில் முதலாளி முன் போய் நின்றாள். "நான் மட்டும் பண்ணலைங்க. மூணு பேரும் சேந்து பண்ணது. அவங்கள மறுபடி கூப்புட்டுக்கங்க."

தேவநாதன் கோபப்படவில்லை. செல்போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். அதில் நீலாவதி நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கூட்டாளிங்கள உள்ள கொண்டாறதுக்காகப் பொய் சொல்லாதம்மா. நீ பண்ணதுதான இது? போய்ப் பண்ணு."

அவள் மேஜைக்குத் திரும்பினாள். எடுத்து வைத்திருந்த கப்பு காய்ந்துபோயிருந்தது. விரிசல் விடும் என்று தெரிந்தே அதில் கைப்பிடியை ஒட்டினாள்.