மிரே கழற்றிய சுவரொட்டி

சோரிம் சந்தைக்குப் பின்னால், மீன்கடை மாடியில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான எங்கள் சங்கத்தின் அலுவலகம். ஏறும் படிக்கட்டுச் சுவரில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று சங்கத்தை நடத்துகிற தாக் மிரே ஒரு தாளை ஒட்டுவார். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தன் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள், சங்கத்தை ஊரெல்லாம் திட்டித் திரிகிற கூ போங்தே.

“அடியே மிரே, இந்த மாசம் காபிக்கு மட்டும் நாற்பதாயிரம் வொன்னா? ஏழைங்க பேரைச் சொல்லி நல்லாத்தான் குடிக்கிறீங்க.”

“நீ வந்து குடிச்சதையும் சேர்த்துத்தான்டா எழுதியிருக்கேன்.”

இருவரும் ஒரே தொடக்கப்பள்ளி, ஒரே வகுப்பு. ஐம்பத்துநான்கு வயதிலும் அந்த ‘டி’யும் ‘டா’வும் போகவில்லை. கூவுக்கு ஊருக்கு வெளியே இருபது பிளாஸ்டிக் கூடாரங்கள். கொரியர்கள் இறைச்சியைச் சுற்றித் தின்கிற கென்னிப் இலை அவற்றுக்குள் விளைகிறது. பறிப்பவர்கள் கம்போடியாவிலிருந்து வந்த பெண்கள். பல தோட்டங்களில் அவர்கள் தூங்குவதும் அதேபோல் இன்னொரு கூடாரத்தில்தான். மேலே ஒரு கறுப்புத் துணி போர்த்தியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கும் சம்பளத்தில் வாடகை பிடிப்பார்கள். சங்கம் கேட்கிற கேள்வியெல்லாம் அதைப் பற்றித்தான்.

மிரே முன்பு சந்தையில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். மாதத்தில் கிடைக்கிற இரண்டு நாள் விடுமுறையில் அந்தப் பெண்கள் அங்கே வந்து சாப்பிடுவார்கள். பதினோரு ஆண்டுக்கு முன் ஒரு பெண் சம்பளச் சீட்டை நீட்டி, “அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். மிரே இரண்டு முறை படித்தார். அடுப்பை அணைத்தார். அந்தப் பெண்ணோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார். அன்று அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாலும் கடையில் அவர் மனம் ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு கடையை விட்டுவிட்டார்.

மூன்று ஆண்டுக்கு முன்பு நகராட்சி எங்கள் கொரிய மொழி வகுப்புக்குப் பணம் தந்தது. ஆறு மாதம் கழித்து, வகுப்புக்கு வருகிறவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும் என்றது. பாதிப் பேருக்கு விசா முடிந்திருந்தது. மிரே பட்டியலுக்குப் பதில் மீதிப் பணத்தை அனுப்பிவைத்தார். அதோடு அரசுப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று ஆயிற்று. இப்போது சங்கம் நிற்பது மாதம் பத்தாயிரம் வொன் தருகிற நானூற்றுப் பன்னிரண்டு பேரின் மேல். அதற்குமேல், ஆண்டுக்கொரு முறை ‘ஒருநாள் பீர் கடை’. ஒரு கடையை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து நாங்களே சமைத்து, ஊற்றி, கழுவுவோம். நுழைவுச் சீட்டை முன்னதாகவே விற்போம். பூசான் நகரத்துச் சங்கங்கள் எங்கள் சீட்டை வாங்கும். அவர்கள் கடை போடும்போது நாங்கள் வாங்குவோம்.

“ஒரே ஐம்பதாயிரம் வொன் நோட்டுதான் எல்லாச் சங்கத்தையும் சுத்தி வருது. பாவம், அதுக்கு மட்டும் லீவே கிடையாது” என்பார் மிரே.

இந்த ஆண்டு சீட்டு மந்தமாகத்தான் போனது. ஒரு காலையில் மிரே தன் செல்போனிலிருந்து சுவரொட்டி வேலை பார்க்கிற எனக்கு ஒரு படம் அனுப்பினார். சன்னாரி எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அழுகிற படம். முப்பத்தொரு வயது, நான்கு ஆண்டாக இலை பறிக்கிறவர். முதலாளி எழுதாமல் விட்ட வேலை நேரத்துக்குக் கூலி கேட்டு அவர் போட்ட வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது. படத்துக்குக் கீழே போட வேண்டிய வரியையும் மிரே எழுதியிருந்தார்: ‘கூடாரத்துக்குள் என் நான்காவது குளிர்காலம்.’

அச்சுக்குக் கொடுத்தவன் நான். சன்னாரியைக் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

சீட்டு மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கடை திறந்தோம். நான்கு சுவரிலும் நான்கு சன்னாரி. வெங்காயத்தாள் அடை சுட வருவதாகச் சொல்லியிருந்த சன்னாரி வந்தார். அடுப்பருகே போகாமல் சுவரருகே நின்றுவிட்டார்.

“அக்கா, இதைக் கழட்டுங்க.”

மிரேயின் கையெல்லாம் மாவு. “ஏன்மா, முகம் சரியா தெரியலையா?”

“நல்லா தெரியுது. ஊர்ல எங்க அம்மாவுக்கே தெரிஞ்சிருச்சு.”

யாரோ படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். தங்கை பார்த்திருக்கிறாள். செங்கல் வீட்டில் தனி அறை என்று நான்கு ஆண்டாக அம்மாவிடம் சொல்லிவைத்த கதை ஒரே மதியத்தில் போய்விட்டது.

“ரெண்டு நாளா அம்மா சாப்பிடல. கிளம்பி வா, கிளம்பி வான்னு ஒரே பேச்சு. நான் போயிட்டா வழக்கு என்னாகும்? நாலு வருஷக் கூலி அப்படியே போயிரும்.” சன்னாரி மூச்சு வாங்கினார். “இன்னொண்ணு. அன்னைக்கு நான் கூடாரத்தை நினைச்சு அழல. தங்கச்சி கல்யாணம். அவ கையில சிவப்பு நூல் கட்டுறதைப் போன்ல பார்த்துட்டு அழுதேன். மூக்கு துடைக்கக் காகிதம் குடுத்ததே நீங்கதான். மறந்துட்டீங்களா?”

“மறக்கல” என்றார் மிரே. பிறகு, “ஆனா கூடாரம் நிஜம்தானேம்மா?”

“நிஜம். அதை நான் சொல்லிக்கிறேன். என் அழுகைக்கு நீங்க ஏன் அர்த்தம் சொல்லணும்?”

பக்கத்து மேசையில் கூ. திட்டிக்கொண்டே சீட்டு வாங்கியவர், திட்டிக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார். “பத்து வருஷமா நான் என்ன சொல்றேன்? அழுற மூஞ்சியைக் காட்டி பீர் விக்கிறா. இப்போ அந்தப் பொண்ணே சொல்லுது, கேட்டுக்கங்க!”

பூசானிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் மிரேயின் காதருகே குனிந்தார். “இப்போ கழட்டாதீங்க. எல்லாமே பொய்யின்னு இந்த ஆள் ஊர் முழுக்கப் பரப்பிடுவான். கடை முடியட்டும்.”

மிரே கையைக் கழுவினார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, நான்கு படத்தையும் கிழியாமல் கழற்றினார். இறங்கி மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் படத்துல இருக்கிறது கல்யாணக் கண்ணீர். கூடாரக் கண்ணீர்னு எழுதினது நான். இவளைக் கேக்கவும் இல்ல. தப்பு என்னோடது. இதைப் பார்த்து சீட்டு வாங்கினவங்க இப்பவே பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம். கூடாரம் மட்டும் அங்கேயேதான் இருக்கு. வேணும்னா நாளைக்கு என்கூட வாங்க, காட்டுறேன்.”

மூன்று பேர் எழுந்து வந்தார்கள். மூன்றாவது ஆள் கூ.

“நீ எந்தப் படத்தைப் பார்த்து வாங்கினே?” என்றார் மிரே.

“படத்துக்காக வாங்கல, உன் தொல்லை தாங்காம வாங்கினேன். குடுக்கிறேன்னா எதுக்கு விடணும்?” ஐம்பதாயிரம் வொன் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். “ரெண்டு பீரு, ஒரு அடை.”

“காசு?”

அதே நோட்டை எடுத்து நீட்டினார். கடையே சிரித்தது.

அதற்குள் சன்னாரி ஒரு படத்தைக் கவிழ்த்து மேசையில் விரித்திருந்தார். “தம்பி, தடிப் பேனா இருக்கா?” கொடுத்தேன். பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். நான்கு ஆண்டாக ஒரு நாள்கூட விடாமல், வேலை நேரத்தைத் தன் மொழி எண்களில் குறித்துவைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து வெள்ளைப் பக்கத்தில் கொரிய மொழியில் எழுதினார். எழுத்துக்கள் கொஞ்சம் சாய்ந்தே நின்றன.

காலை 6:30 முதல் மாலை 5:30 வரை. சம்பளச் சீட்டில் எட்டு மணி நேரம். ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் இலை. கூடாரத்துக்கு மாத வாடகை இரண்டு லட்சம் வொன். எழுதியது சன்னாரி.

பெயரை மட்டும் இரண்டு மொழியிலும் போட்டார். படம் இருந்த இடத்திலேயே ஒட்டினோம். சிலர் செல்போனை எடுத்தபடி அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“இதை எடுங்க. நல்லா எடுங்க.”

கூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நின்று, படிக்கட்டுத் தாளைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தார். “இது யார் தோட்டம்?”

“உன்னுது இல்ல. உன் தோட்டத்துல பத்து மணி நேரம்னு கேள்வி” என்றார் மிரே.

கூ கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அடுப்பருகே நின்று சன்னாரி அம்மாவைப் போனில் கூப்பிட்டார். திரையில் ஒரு ஒடுங்கிய முகம். மிரே அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். “மன்னிச்சிருங்கம்மா. உங்க பொண்ணைக் கேக்காம செஞ்சுட்டேன்.” சன்னாரி மொழிபெயர்த்தார். அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு வந்தது.

“என்னம்மா சொல்றாங்க?”

“சுருக்கமா சொன்னா, என்னை அனுப்பி வைக்கணுமாம்.”

“நீ என்ன சொல்லப்போற?”

சன்னாரி போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினார். அதில் அம்மாவால் படிக்க முடிந்தது மகளின் பெயர் ஒன்றைத்தான். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார், எங்களுக்கும் சொன்னார். “பொய் சொன்னது தப்புன்னேன். வழக்கு முடியட்டும், என் கூலியை வாங்கிட்டுத்தான் வருவேன்னேன்.”

அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு ஏதோ கேட்டார். சன்னாரி பாய்ந்து திரும்பினார். “பின்னாடி என்னமோ கருகுதாம்!”

அடை கருகித்தான் போயிருந்தது. அம்மா அன்று இரவு கஞ்சி குடித்ததாக மறுநாள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது.

அடுத்த மாதத்தின் முதல் திங்கள், படிக்கட்டுச் சுவரில் புதுத் தாள். கூவின் விரல் நடுவில் ஒரு வரியில் நின்றது: ‘தவறான சுவரொட்டி, அச்சுச் செலவு: 1,80,000 வொன்.’

“இதையுமாடி எழுதுவே?”

“படிக்கத்தான் நீ இருக்கியே.” மேலேயிருந்து மிரே இறங்கிவந்தார். பின்னால் சன்னாரி, கக்கத்தில் அந்த நோட்டுப் புத்தகம். “வழியை விடு. பத்து மணிக்கு விசாரணை.”

அந்தப் படிக்கட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும். கூ முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சன்னாரி முதலில் இறங்கினார்.