ஆனேக்கல் மேடத்துக்காகத் தேடிய மென்பொருள்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டைப் பார்த்த ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு மருந்துக் கிடங்குக்காக, எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது காலாவதி ஆகிறது என்று காட்டும் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது ஒரு மேடத்தின் வேலை. பெங்களூருக்கு வெளியே இருக்கும் ஆனேக்கல்லிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் சந்தாபுரத்தில் பஸ் மாறும்போது விழுந்து கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. மேனேஜர் நல்ல மனிதர்தான். லீவு எடுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

மேனேஜர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் பேசுவார், கன்னடத்தில் கோபப்படுவார், ஆங்கிலத்தில் பாராட்டுவார். என்னைக் கூப்பிட்டு, “இது ஒரு வாய்ப்புப்பா. நாளைக்குப் பாதிப் பேர் வீட்லேர்ந்துதான் வேலை செய்வாங்க. ஆபீஸோட தகவல் பரிமாறிக்கச் சரியான டூல், ஒரு சாஃப்ட்வேர் வேணும். நாம ஒரு கமிட்டி போடலாம்” என்றார்.

“யார் யார் சார்?”

“நீயும் நானும்.”

“ரெண்டு பேர் கமிட்டி ஆகுமா?”

“மீட்டிங் நடந்தா கமிட்டிதான்.”

மீட்டிங் நடந்தது. வாரத்துக்கு இரண்டு. நான் எக்செல்லில் ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். மேலே மென்பொருள்களின் பெயர்கள், பக்கத்தில் அவற்றின் வசதிகள். சிரிக்கும் முகப் படம் அனுப்ப முடியுமா, திரையின் நிறத்தை மாற்ற முடியுமா, செய்தி வந்தால் மணி அடிக்குமா என்று வரிசை அறுபதைத் தாண்டியது. அந்த அட்டவணைமேல் எனக்கு ஒருவிதப் பாசமே வந்துவிட்டது.

மேடம் ஒரு தடவை ஃபோனில் சொன்னார்: “எதுக்கு சார் இவ்ளோ சிரமம்? நான் மெயில் போடறேன், நீங்க பாருங்க. அவ்ளோதானே?”

இதை மேனேஜரிடம் சொன்னேன். “மெயில் டூல் இல்லப்பா. அது ஒரு பழக்கம்” என்றார். அடுத்த நாளே, தப்புகளை மெயிலில் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டார். மெயில் இருந்தால் புது டூலை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பதினைந்து நாளுக்கு ஒன்றாக மூன்று மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. இரண்டாவது வந்ததும் முதலாவதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம், ஆனால் மூடவில்லை. அட்டவணை முடியவில்லையே. நடுவில் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு வந்தது. வைரஸ் வருமென்று யாரும் வெளியிலிருந்து ஃப்ளாப்பி டிஸ்க் கொண்டுவரக் கூடாது என நான் ஒரு நோட்டீஸ் எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே வாட்ச்மேன் மேசைக்குமேல் ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் என் இடத்துக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஃபோன். காலாவதியான மருந்துகளை எங்கள் புரோகிராம் நல்ல சரக்கு என்று காட்டியிருக்கிறது. லாரியில் ஏற்றும் முன் ஒரு பெண்மணி பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“மேடம் இதைப் பாக்கவே இல்லையா? கேளு” என்றார்.

மேடத்தின் ஃபோன் எங்கேஜ்டாகவே இருந்தது. அந்த ஒரே லைனில்தான் இன்டர்நெட்டும். மதியம்வரை முயன்றுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆனேக்கல்லில் சின்ன வீடு. தையல் மெஷின் மேசைமேல் கம்ப்யூட்டர். மேடம் காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்த அவர் கணவர், “ஓ, நீங்கதான் அந்தக் கமிட்டியா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். மேடம் திகைத்துப் போனார். “அதைத்தான் பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டேனே சார்.”

“எதுல?”

“மொதல் டூல்ல போட்டேன். பதிலே இல்ல. ரெண்டாவதுல போட்டா, சோதனைக் காலம் முடிஞ்சுபோச்சுன்னு வந்துது. மூணாவது ஓபனே ஆகல. படம் படமா இறங்குது, பாதியில லைன் கட்டாயிடுது. மெயில் கூடாதுன்னுட்டீங்க. ஃபோன் பண்ணா, நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸுக்குப் போறாங்க இல்ல, அவங்ககிட்ட ஃப்ளாப்பி குடுத்தனுப்பினேன். ஒண்ணு இல்ல, மூணு. உங்க வாட்ச்மேன்கிட்டதான் குடுத்தாங்களாம்.”

கணவர் கொண்டுவந்த காபியைச் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே உட்கார முடியவில்லை.

வாட்ச்மேன் டிராயரைத் திறந்தார். மூன்று ஃப்ளாப்பிகள், ஒவ்வொன்றும் தனிக் கவரில், என் பெயர் எழுதி. “ஏன் எங்கிட்ட குடுக்கல?” என்றேன். தலைக்கு மேலிருந்த நோட்டீஸைக் காட்டி, “நீங்கதானே சார் சைன் போட்டிருக்கீங்க, உள்ள விடக் கூடாதுன்னு. பத்திரமா வெச்சிருக்கேன், பாருங்க” என்றார். மூன்றிலும் தூசுகூட இல்லை.

தப்பு எங்கே என்று மேடம் வரி வரியாக எழுதியிருந்தார். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாம் நாளை முதலில் எழுதுவோம். புரோகிராம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டேன்.

மேனேஜரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நோட்டீஸ் உட்பட. மூன்று ஃப்ளாப்பிகளையும் வாங்கி மேசைமேல் வரிசையாக அடுக்கினார். பிறகு, “நமக்கு ஒரு நல்ல டூல் எவ்ளோ அவசியம்னு இப்பப் புரியுதா?” என்றார்.

அந்த வாரமே நான்காவதைத் தேர்ந்தெடுத்தார். இருந்ததிலேயே பெரியது. விற்றவர்கள், எல்லோரும் ஆபீசுக்கு வந்து இரண்டு நாள் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்றார்கள். “மேடமும் வரணும். அவங்களுக்காகத்தானே வாங்கறோம்” என்றார் மேனேஜர்.

மேடம் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்தார். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நானும் வாட்ச்மேனும் மூன்று மாடி தூக்கினோம். வழியில் இரண்டு தடவை இறக்கி மூச்சு வாங்கினோம். பயிற்சியாளர் திரையில் முதல் பக்கத்தைப் போட்டார். ‘தூரம் இனி ஒரு தடையல்ல’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதிய சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அறுபது வரி எழுதினேன் மேடம். உங்க வீட்டு லைன்ல இது ஓடுமான்னு ஒரு வரி எழுதல.”

“என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்” என்றார். “விடுங்க. அந்த ஊறுகா பாட்டிலை இப்படித் தள்ளுங்க.”

பயிற்சி முடிந்த மறுநாள் முதல், அவர் இன்டர்நெட் போடுவதற்கு முன்பாக, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஃபோன் செய்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மேனேஜர் அதிருப்தி அடையக் கூடாதென்று, எழுதியதையெல்லாம் நானே புது டூலிலும் ஏற்றிவைத்தேன். தகவல் பரிமாற்றம் சிறப்பாக நடப்பதாக அவர் முதலாளிக்கு அறிக்கை அனுப்பினார். ஆங்கிலத்தில் என்னைப் பாராட்டினார்.

கட்டுப் பிரித்து மேடம் ஆபீஸ் வந்த பிறகு, அந்த டூலை விடாமல் பயன்படுத்தியவர் மேனேஜர் மட்டும்தான். பத்தடி தள்ளியிருந்த கண்ணாடி அறையிலிருந்து, ‘கொஞ்சம் வரமுடியுமா’ என்று எனக்குச் செய்தி அனுப்புவார். நான் அதைப் பார்ப்பதற்குள் எழுந்து வந்து கூப்பிட்டுவிடுவார்.

அடுத்த வருடம் மேடத்துக்கு வைட்ஃபீல்டில் நல்ல வேலை கிடைத்தது. வழியனுப்பும் கூட்டத்தில் மேனேஜர் பேசினார். கால் உடைந்த நிலையிலும் ஓர் ஊழியரை விடாமல் கம்பெனியோடு சேர்த்துவைத்தது நாங்கள் தேர்ந்தெடுத்த டூல்தான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் என்னைப் பார்த்தார். சமோசாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் தட்டினேன்.