கண்டக்டரம்மா மகளின் பட்டம்

கண்டக்டரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று டிப்போவில் சொல்வார்கள். நீளமில்லாமல் எப்படி இருக்கும்? படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே விரட்ட வேண்டும். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப வேண்டும். மேலதிகாரி 'ஏய்' என்று கூப்பிட்டால், மரியாதை வரும்வரை காது கேட்காத மாதிரி நிற்க வேண்டும். இப்படியே காலம் தள்ளி, ஒரே மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். யாரைக் கொண்டு பிறந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

வாயாடி கடைசிப் பரீட்சை வரை எழுதி முடித்தாள். புராஜெக்ட் வைவா மட்டும்தான் பாக்கி. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

கண்டக்டரம்மாவின் பஸ் அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். ரூட்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். "எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் ஏறினார்.

பல மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் தையல்காரர், அதிர்ந்து பேசாத மனுஷர். பதிவாளர் டீ வரவழைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"கருணை அடிப்படையில உங்க பொண்ணுக்குப் பட்டம் கொடுக்கறதா முடிவாயிருக்கும்மா. விழா முடிஞ்சதும் இந்த ரூமுக்கே வந்து வாங்கிக்கங்க. மேடையில வேண்டாம். மத்த பிள்ளைங்களுக்கு நல்ல நாள் பாருங்க."

தையல்காரர் மனைவியின் கையை அழுத்தினார். பலிக்கவில்லை.

"கருணையா? அவ பரீட்சையில பாஸ் பண்ணதும் உங்க கருணையிலதானா சார்? ரூமுக்குள்ள வச்சுக் கொடுக்க அது என்ன திருட்டுச் சாமானா? வரிசையில அவ இடம் எதுவோ அங்க கூப்பிடுங்க. இல்லன்னா உங்க பட்டத்த நீங்களே வச்சுக்கங்க."

"வி.சி.கிட்ட கேட்டுத்தாம்மா சொல்லணும்."

"கேளுங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தேவிட்டார். டீ ஆறி ஆடை கட்டியது. பதிவாளர் தன் அறைக்கும் துணைவேந்தர் அறைக்கும் நடையாய் நடந்து, கடைசியில் சரி என்று வந்து சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் கேட்டார். "மேடையில உனக்கு அழுகை வந்துட்டா?"

"வந்தா வரட்டும். அழுதுகிட்டே வாங்கறேன்."

விழாவன்று மகள் உட்கார வேண்டிய நாற்காலியில் கண்டக்டரம்மாவை உட்கார வைத்தார்கள். முன்னால் போன பெண்ணுக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. அடுத்து வாயாடியின் பெயரைக் கூப்பிட்டு, மறைந்த மகளுக்காக அம்மா வாங்கிக்கொள்வார் என்றார்கள். கண்டக்டரம்மா படியேறினார்.

அரங்கமே அடங்கிப்போனது. ஒவ்வொருவராக எழுந்து தலை குனிந்து நின்றார்கள். மனசார நின்றார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கண்டக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் பார்த்த அதே மாதிரி முகங்கள். இதைப் பார்க்கவா இவ்வளவு சண்டை போட்டோம்?

துணைவேந்தர் நீட்டிய பட்டத்தை அவர் வாங்கவில்லை. அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எதுக்கு எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க? துக்கம் விசாரிக்கவா வந்தீங்க? அதெல்லாம் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு என் பொண்ணு இன்ஜினீயர். முன்னாடி போனவளுக்குத் தட்டினீங்கல்ல? இவளுக்கும் தட்டுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை. கூடப் படித்த பெண்களில் ஒருத்தி முதலில் தட்டினாள். பிறகு அந்த வரிசை முழுக்க. பிறகு எங்கிருந்தோ விசில் கூடப் பறந்தது. கடைசி வரிசையில் தையல்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

துணைவேந்தர் மட்டும் பட்டத்தைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். கண்டக்டரம்மா அவரையே பார்த்தார். அவர் பட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தானும் கைதட்டினார்.

அதற்குப் பிறகுதான் கண்டக்டரம்மா கையை நீட்டினார்.