வல்லாரையும் பத்து நிமிட அட்டையும்

போன புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் ஒரு பொய் சொன்னேன். அதன் ஆயுள் நான்கு நிமிடம்.

வலது விலாவுக்குக் கீழே மூன்று வாரமாக வலி. விட்டுவிட்டுக் காய்ச்சல். மலப் பரிசோதனை மூன்று முறை, ஒன்றும் அகப்படவில்லை. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு மட்டும் எக்கச்சக்கம். புழு இருந்தால் அப்படி ஏறும் என்றார் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமலே குறுக்கு விசாரணை செய்பவர்.

"கீரை ஏதும் பச்சையாச் சாப்பிட்டனீங்களோ?"

"ஞாபகமில்லை டாக்டர்."

ஏன் பொய்? இரண்டு மாதத்துக்கு முன் இதே பத்திரிகைப் பக்கத்தில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். கிள்ளானில் என் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வாய்க்கால் ஓரம் வல்லாரை பறித்து, வேகவைக்காமல் அரைத்து, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர்... 'ஞாபக சக்திக்கு வேறென்ன வேண்டும்?' என்று முடித்திருந்தேன். ஊருக்கே வைத்தியம் சொன்னவன், அதே வைத்தியத்தால் படுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப பெரியாஸ்பத்திரிக்கு எழுதிறன். கல்லீரலுக்க ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாக்கட்டும்."

ஊசியின் நீளத்தையும் காட்டினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை — பத்தி எழுதுகிறவனின் மானம் அவ்வளவு கெட்டி.

திறந்தவர் புஷ்பா. திரைக்கு அந்தப் பக்கம் ரத்தம் எடுக்கும் பெண்மணி.

"டாக்டர், சார் பொய் சொல்றாரு லா! டெய்லி பச்சை வல்லாரை ஜூஸ் குடிக்கிறாரு. பேப்பர்லயே எழுதினாரு. நான் வெட்டி பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன். ஞாபக சக்திக்குக் குடிச்சிட்டு ஞாபகமில்லைன்றாரே!"

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"மாடு நிக்கிற தண்ணியில முளைச்ச கீரையோ?"

தலையாட்டினேன். மாட்டின் கல்லீரலில் வாழும் தட்டைப்புழு, தண்ணீர் வழியாக இலையில் ஒட்டி மனிதனுக்கும் வருமாம்.

புதிதாக வந்த பரிசோதனை அட்டை ஒன்றைப் பிரித்தார். விரலில் ஒரு குத்து, ஒரு துளி ரத்தம், பத்து நிமிடம். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் உடம்பு அந்தப் புழுவைச் சந்தித்திருக்கிறது.

ஏழாவது நிமிடத்தில் இரண்டாவது கோடு தெரிந்தது.

"இது மட்டும் போதாது. ஆனா வலி, வெள்ளணு, உங்கட கட்டுரை... எல்லாம் சேத்தாப் போதும். மருந்து தாறன். ஊசி வேண்டாம்."

நிம்மதியாக எழுந்தபோது, புஷ்பா தன் விரலை டாக்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பாத்துடுங்க டாக்டர்."

பிரிட்ஜில் ஒட்டியது அழகுக்காகவா? மறுபடி உட்கார்ந்தேன். என் அட்டையை இவ்வளவு பயந்து பார்க்கவில்லை. பத்து நிமிடம். ஒரே கோடு.

"எத்தனை நாள் குடிச்சீங்கம்மா?"

"ரெண்டே நாள் சார். கசப்பு தாங்கல. மிச்சத்தக் கீழ ஊத்திட்டேன்."

என் பேச்சைக் கேட்டுக் குடித்தவர்கள் உடனே நிறுத்தி, டாக்டரைப் பாருங்கள். அவர் கேட்டால் ஞாபகமாகப் பதில் சொல்லுங்கள்.

இத்தனை வருடத்தில், நான் எழுதியதைப் பாதியில் கைவிட்ட ஒரு வாசகரைக் கையெடுத்துக் கும்பிட்டது இதுவே முதல் தடவை!